சீப்புக்கு அனுமதி இல்லை

லேசர்க்காரி தலை வாரிக்கொண்டிருந்தாள். அதுவும் லேபுக்குள். அதுவும் சிலிக்கான் தட்டுக்குக் கையெட்டும் தூரத்தில்.

ஆன்டெனாக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு முடி போதும். தட்டின் மேல் விழுந்தால் நிழல். நிழல் விழுந்தால் கோடு கெடும். கோடு கெட்டால் அலை தப்பான பக்கம் போகும். இதை வாயால் சொல்லியாகிவிட்டது. சுவரில் ஒட்டியும் ஆகிவிட்டது. 'லேபில் சாப்பாடு, தண்ணீர், சீப்பு ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.' சீப்பு மட்டும் பிறகு பேனாவால் நுழைத்தது.

"அங்க ஒட்டியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது அண்ணி. பேனாவால எழுதின உங்க கையெழுத்துதான் புரியல."

அவளுக்குச் சுருட்டை முடி. அடர்த்தி. சாதாரணச் சீப்பு அதில் நுழையாது. அவளுடையது அகலப் பல் வைத்த கறுப்புச் சீப்பு, ஒரு சாண் நீளம். வாரி முடித்ததும் அதைக் கொண்டையில் குத்திக்கொண்டாள். இப்போது சீப்பு லேபில் இல்லை, தலையில் இருக்கிறது என்பது அவள் வாதம்.

இருவரும் அண்ணி, நாத்தனார். ஒரே வீடு, ஒரே அலுவலகம், ஒரே அறை. அண்ணி ரேடியோ படித்தவள். நாத்தனார் ஒளி படித்தவள். அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்வதில்லை. ஆன்டெனாக்காரி, லேசர்க்காரி, அவ்வளவுதான். வீட்டில் இருவருக்கும் நடுவே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். ஒருத்திக்குக் கணவர், ஒருத்திக்கு அண்ணன். நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். சாப்பாட்டு மேசையில் யாராவது அலை என்று ஆரம்பித்தால் கரண்டியால் தட்டைத் தட்டுவார். அவருக்குத் தெரிந்த அலை தண்ணீரில்தான் வரும். அதில் சண்டை போட ஒன்றும் இல்லை என்பார்.

சண்டை ஒன்றே ஒன்றுதான். அலையைத் திருப்புவது யார்?

மில்லிமீட்டர் அலை ஒல்லியானது. நிறையச் சுமக்கும். ஒரு முழு சினிமாவைக் கண் மூடித் திறப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் டார்ச் வெளிச்சம் மாதிரி, குறி வைத்த இடத்துக்குத்தான் போகும். சுவர் வந்தால் நின்றுவிடும். ஆள் நகர்ந்தால் கைவிட்டுவிடும். ஆகவே ஆள் நகர நகர அலையும் திரும்ப வேண்டும். பக்கத்து அறையில் சிப் குழு இருந்தது. அவர்கள் ஒரு பலகையில் நூற்றுக்கணக்கான பொடி ஆன்டெனாக்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிப் வைத்துத் திருப்பினார்கள். நன்றாகத்தான் திரும்பியது. சூடும் அப்படி ஏறியது. விசிறிச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். அந்தப் பலகையில் முட்டை பொரிக்கலாம் என்று லேசர்க்காரி அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

இவர்கள் வழி வேறு. ஒரே ஒரு ஆன்டெனா. அதன் வாய்க்கு முன்னால் சின்னத் தட்டு அளவில், கண்ணாடிபோல் மின்னும் சிலிக்கான். அதன் மேல் லேசரால் வெளிச்சக் கோடுகள். வெளிச்சம் பட்ட இடத்தில் சிலிக்கான் கொஞ்ச நேரம் உலோகம் மாதிரி நடந்துகொள்ளும். வெளிச்சம் போனால் பழையபடி ஆகிவிடும். கோடுகளின் நடுவே நுழைகிற அலையில் ஒரு பங்கு நேராகப் போகாமல் சாய்ந்து போகும். கோடுகள் நெருங்க நெருங்க அதிகம் சாயும். விலகினால் குறைவாகச் சாயும். கணினியில் கோடுகளை மாற்றினால் அலை திரும்பிவிடும். சுழல்கிற சக்கரம் இல்லை, சுடுகிற சிப் இல்லை. வெளிச்சம் மட்டும்.

வெளிச்சம்தானே திருப்புகிறது என்பாள் நாத்தனார். என் அலை இல்லாவிட்டால் உன் வெளிச்சம் எதைத் திருப்பும் என்பாள் அண்ணி. கரண்டி தட்டில் விழும்.

அந்த வாரம் சண்டைக்கு நேரம் இல்லை. மறுநாள் மத்தியானம் நிறுவனத் தலைவர் வருகிறார்.

தலைவருக்குப் 'பார்ப்போம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது. கண்ணாடி மூக்கில் இருக்கும்போது சொன்னால் யோசிக்கிறார் என்று அர்த்தம். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னால் முடியாது என்று அர்த்தம். அலுவலகம் முழுவதும் இது தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

சிப் குழுவுக்கு இடம் போதவில்லை. இந்த அறையைக் கேட்டிருந்தார்கள். தலைவர் வந்து பார்ப்பார். அலை ஆளைப் பின்தொடர்ந்தால் அறையும் லேசரும் இவர்களிடம் இருக்கும். இல்லாவிட்டால் இரவல் வாங்கிய லேசர் பெட்டிக்குள் போகும், அறை சிப் குழுவுக்குப் போகும். லேசர்க்காரியும் போவாள். கண் அறுவைக் கருவி செய்கிற கம்பெனி ஒன்று வேறு ஊரிலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இந்த வாரக் கடைசியில் முடிவு சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அவள் போனால் வீட்டில் ஒரு அறை காலியாகும், குளியலறையில் முடி அடைக்காது, நிம்மதி என்று ஆன்டெனாக்காரி கணவரிடம் சொன்னாள். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதே வாரத்தில் பல முறை சொன்னாள். அவர் நீச்சல் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்கு வேறு கவலை. கள்ள அலை.

பெயர் லேசர்க்காரி வைத்தது. காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அளக்கும் கருவியின் திரையில் ஒரே மேடு, அதுதான் அவர்கள் திருப்பிய அலை. மத்தியானம் தாண்டினால் பக்கத்தில் இன்னொரு மேடு தலைகாட்டும். குட்டி மேடு. மெல்ல வளரும், உருமாறும், சாயங்காலம் மறைந்துபோகும். தலைவர் வருவது மத்தியானம். கேபிள்களை மாற்றினார்கள். ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினார்கள். கோடு வரைகிற நிரலில் தப்பு என்றாள் அண்ணி. அலை எந்திரம் சூடாகிறது என்றாள் நாத்தனார். ஒருவர் வீட்டை ஒருவர் குறை சொல்வது மட்டும்தான் மிச்சம். இருவருக்கும் ஒரே வீடு என்பதால் அதுவும் முடியவில்லை.

கடைசியில் ஆன்டெனாக்காரி லேசரை முழுவதுமாக அணைக்கச் சொன்னாள். அணைத்தாள். பெரிய மேடு விழுந்தது. குட்டி மேடு நின்றுகொண்டிருந்தது.

இருவரும் மேசைப் பக்கம் திரும்பினார்கள்.

கறுப்புக் கண்ணாடிகளைக் கழற்றினார்கள். லேசர் ஓடும்போது அந்தக் கண்ணாடி இல்லாமல் உள்ளே இருக்கக் கூடாது. போட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பது பூனையா யானையா என்று தெரியாது. இத்தனை நாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் தேடியிருக்கிறார்கள்.

சன்னலை ஒட்டித்தான் மேசை. சன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை. திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதன் வழியாக ஒரு வெயில் கோடு உள்ளே வந்து, மேசையில் ஏறி, சிலிக்கான் தட்டின் மேல் நேராகப் படுத்துக் கிடந்தது.

ஆன்டெனாக்காரி உள்ளங்கையைக் குறுக்கே வைத்தாள். குட்டி மேடு படுத்துவிட்டது. எடுத்தாள். எழுந்தது. வைத்தாள். படுத்தது. ஒரு குழந்தை விளக்கு சுவிட்சைக் கண்டுபிடித்த மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். லேசர் இல்லை. கணினி இல்லை. சும்மா வெயில்.

லேசர்க்காரி மேசை மேல் கை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். பழைய தட்டு என்றால் வெயிலுக்கு அசைந்தே இருக்காது என்றாள். இந்தத் தட்டின் மேல்பரப்புக்கு அவள்தான் புதுப் பூச்சு கொடுத்து வாங்கியிருந்தாள். வெளிச்சம் உண்டாக்கிய உலோகத் தன்மை சீக்கிரம் சாகாமல் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். அதனால் கொஞ்ச வெளிச்சமே போதும். வெயில்கூடப் போதும்.

"அப்ப சூரியனே என் பக்கம்தான் அண்ணி."

"வாயை மூடிக்கிட்டு டேப்பை எடு."

இடைவெளியைக் கறுப்பு டேப்பால் மேலிருந்து கீழ்வரை அடைத்தார்கள். கள்ள அலை செத்தது. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கரண்டி சத்தம் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் அவரே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வெயில் எப்படிக் கோடாக விழுந்தது என்று கேட்டார்.

தலைவர் மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார். கீழே கார் காத்திருக்கிறது, விமானம் பிடிக்க வேண்டும், சீக்கிரம் காட்டுங்கள் என்றார். கறுப்புக் கண்ணாடியைத் தன் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.

சோதனை எளிமையானது. மேசையில் ஒரு சுவர்க்கடிகாரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் கேமரா. கேமரா பார்ப்பதை அலை சுமந்துபோகும். அறையின் எதிர்ப்பக்கத்தில் தள்ளுவண்டி ஒன்றின் மேல் ரிசீவரும் சின்னத் திரையும். திரையில் கடிகாரம் ஓடும். அலை ரிசீவரை விட்டுவிட்டால் நொடி முள் நின்றுவிடும். யாரும் ஒன்றும் விளக்க வேண்டாம். முள் ஓடுகிறதா, நிற்கிறதா, அவ்வளவுதான்.

லேசர்க்காரி லேசரை ஏற்றினாள். ஆன்டெனாக்காரி வண்டியைத் தள்ளினாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். ரிசீவர் எங்கே இருக்கிறது என்று கணினி கேட்டுக் கேட்டுக் கோடுகளை மாற்றியது. முள் ஓடியது. வேகமாகத் தள்ளினாள். ஓடியது. திடீரென்று நிறுத்தித் திரும்பினாள். ஓடியது. அவளுக்கு வியர்த்தது.

தலைவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நீங்கள் பழகின தடத்தில் தள்ளுகிறீர்களோ என்றார்.

லேசர்க்காரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்களே தள்ளுங்க சார். எங்க வேணும்னாலும் போங்க. அலை உங்க பின்னாடியே வரும்."

தலைவர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். முதலில் மெல்ல. பிறகு வளைத்து வளைத்து. ஒரு முறை வண்டியை மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார். முள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் ஏதோ இளகியது. பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிள் கிடைத்த பையன் மாதிரி வண்டியைத் திருப்பினார். அறை போதவில்லை. வலது ஓரத்தில் கதவு இருந்தது. கதவுக்கு அப்பால் நீண்ட நடைவழி.

ஆன்டெனாக்காரிக்குப் புரிவதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார்.

டக் என்று ஒரு சத்தம். லேசர் அணைந்தது.

கதவில் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. லேசர் ஓடும்போது யாராவது கதவைத் திறந்தால், நடைவழியில் போகிறவர் கண் கெடாமல் இருக்க, அது தானாக அணைந்துவிடும். மாட்டச் சொன்னதே ஆன்டெனாக்காரிதான். இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டே வேலை செய்து பழகியவர்கள். அறையைத்தான் அளந்தார்கள். அறையின் மூலை மூலையாகச் சோதித்தார்கள். ஆளைப் பின்தொடரும் அலை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். ஆள் வெளியே போவார் என்று மட்டும் இருவருக்கும் தோன்றவே இல்லை.

நடைவழியில் தலைவர் நின்றுவிட்டார். திரையில் நொடி முள் நின்றுவிட்டது.

லேசர்க்காரி ஓடினாள். கதவு, சுவிட்ச், பாதுகாப்பு என்று மூச்சு வாங்கச் சொன்னாள். மறுபடி ஏற்ற எவ்வளவு நேரம் என்று கேட்டார். இப்படிப் பாதியில் வெட்டினால் லேசர் ஆறி அடங்கிய பிறகுதான் ஏறும், அரை மணி ஆகும் என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அது அவள் அண்ணனிடமிருந்து வந்தது.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதன் கீழே இருந்த தன் கண்ணாடியையும் கழற்றினார்.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா. பார்ப்போம்."

கண்ணாடி கையில் இருந்தது.

ஆன்டெனாக்காரி அறைக்குள் நின்றிருந்தாள். கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அவர் கை. அந்தக் கண்ணாடி. வண்டி. நின்றுபோன முள். நாத்தனாரின் முதுகு. கொண்டையில் அந்தச் சீப்பு.

அவள் சீப்பைப் பார்த்தாள்.

பல்லுக்குப் பல் அரை சென்டிமீட்டர் இருக்கும். அலையின் நீளம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். அந்த இடைவெளிக்கு அலை எவ்வளவு சாயும் என்று கணக்குப் போட அவளுக்குத் தாள் வேண்டாம். நன்றாகவே சாயும். வலப்பக்கம் சாய்ந்தால் எங்கே போகும் என்று பார்த்தாள். கதவுக்குப் போகும்.

நாலு எட்டில் கதவுக்குப் போனாள். ஒன்றும் சொல்லாமல் நாத்தனாரின் கொண்டையிலிருந்து சீப்பை உருவினாள். முடி மொத்தமும் தோளில் சரிந்து விழுந்தது. தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். லேசர்க்காரி வாயைத் திறந்தாள்.

"அவரைப் பேச்சில வச்சிரு," என்று காதில் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

டேப்பைக் கிழித்தாள். முதல் நாள்தான் அழுத்தி அழுத்தி ஒட்டியது. நகம் மடங்கியது. திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். வளையங்கள் கலகலவென்று ஓடின. வெயில் மொத்தமாக அறைக்குள் இறங்கியது. மேசை, கடிகாரம், தட்டு எல்லாம் பளீரென்று வெளுத்தன. லேசர் அணைந்திருப்பதை ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு ஸ்டூலில் ஏறி, ஒரு முழங்காலைச் சன்னல் கட்டையில் ஊன்றி, உடம்பு ஆன்டெனாவின் வாயை மறைக்காமல் வளைந்து, சீப்பை வெயிலுக்கும் தட்டுக்கும் நடுவே நீட்டினாள். பற்கள் கீழ்நோக்கி.

தட்டின் மேல் நிழல் விழுந்தது. வெயில், நிழல், வெயில், நிழல். வரிசையாக, நேராக. லேசர் வரைந்த கோடுகள் அளவுக்குச் சுத்தம் இல்லை. ஓரங்கள் மங்கல். தட்டுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கூர்மையானது.

வெளியே லேசர்க்காரி தலைவரிடம் என்ன பேசினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. விமானத்தில் சன்னல் ஓரமா என்று கேட்டதாகத் தலைவர் பின்னால் சொன்னார். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். வண்டியின் மேல் திரையில் ஏதோ அசைந்தது.

நொடி முள் ஒரு தாவு தாவியது. நின்றது. இன்னொரு தாவு.

படம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. ஆனால் வந்தது. அவர் குனிந்தார்.

"லேசர் அணைஞ்சு போச்சுன்னீங்களே."

"அணைஞ்சுதான் சார் இருக்கு."

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கதவிலிருந்து பார்த்தால் வெயிலில் கண் கூசியது. சன்னலில் யாரோ ஏறி நிற்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது. அவர் வண்டியை ஒரு முழம் நகர்த்திப் பார்த்தார். முள் நின்றது.

லேசர்க்காரிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் முடி. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். அண்ணி தெரிந்தாள், சீப்பு தெரிந்தது, எல்லாம் தெரிந்தது. குரல் தானாக உயர்ந்தது.

"திருப்புங்க அண்ணி. சன்னல் பக்கமா. கொஞ்சம்."

ஆன்டெனாக்காரி சீப்பின் ஒரு முனையைப் பின்னால் இழுத்தாள். கதவைச் சாத்துவது மாதிரி. சீப்பு சாய்ந்ததும் நிழல் கோடுகள் நெருங்கின. கோடுகள் நெருங்கினால் அலை இன்னும் சாயும். அவள் கையாலேயே அலையைத் தள்ளிக்கொண்டு போவது போல இருந்தது. இத்தனை வருஷம் கருவியில் எண்ணாகப் பார்த்தது இப்போது மணிக்கட்டில் இருந்தது.

"இன்னும். இன்னும். நில்லுங்க. வந்துருச்சு."

முள் தாவியது.

தலைவர் வண்டியை எதிர்ப்பக்கம் நகர்த்தினார். நின்றது. லேசர்க்காரி திருப்பச் சொன்னாள். திருப்பினாள். வந்தது. மறுபடி நகர்த்தினார். மறுபடி வந்தது. அவர் சொல்லாமல் நகர்த்தினார், ஏமாற்றிப் பார்த்தார், நகர்த்துவது போல் போய் நிறுத்தினார். லேசர்க்காரி திரையைப் பார்த்து உள்ளே குரல் கொடுத்தாள். ஆன்டெனாக்காரி விரல் அளவு, நகம் அளவு சீப்பைத் திருப்பினாள். தோள் கடுத்தது. கை நடுங்கினால் முள்ளும் நடுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மேகம் வந்தது.

அறை மங்கியது. தட்டில் கோடுகள் கரைந்தன. முள் நின்றது. லேசர்க்காரி என்ன ஆச்சு என்று கத்தினாள். மேகம் என்று பதில் வந்தது. நடைவழியில் யாரும் அசையவில்லை. சிப் குழுவிலிருந்து இருவர் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்து, அவர்களும் வண்டியின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆன்டெனாக்காரி சீப்பை இறக்கவில்லை. கழுத்தைத் திருப்பி மேகத்தைப் பார்த்தாள். ஒரு மேகத்தை அவள் இவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை.

ஓரம் வெளுத்தது. வெயில் மறுபடி இறங்கியது. முள் ஓடியது.

தலைவரின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். டிரைவர். உள்ளே போட்டுக்கொண்டார். வண்டியை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் வந்தார். ஸ்டூலையும், சன்னல் கட்டையையும், முழங்காலையும், நீட்டிய கையையும் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார்.

"சீப்பா?"

"சீப்புதான் சார்."

அவர் கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டார். தட்டின் மேல் குனிந்து நிழலை ரொம்ப நேரம் பார்த்தார். வெயிலுக்கே இப்படியென்றால் லேசருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கேட்டார். இப்போது ஓட்டுகிற சக்தியில் பெரும்பகுதி தேவையே இல்லை, சின்ன லேசரே போதும், சட்டைப் பையில் அடங்குகிற அளவுக்குக்கூடக் கொண்டுவரலாம் என்றாள் லேசர்க்காரி. தோளெல்லாம் முடியாக நின்று சொன்னாள். ஆன்டெனாக்காரி குறுக்கே பேசவில்லை. ஆமாம் சார், எல்லாம் அவள் போட்ட பூச்சு என்று மட்டும் சொன்னாள். லேசர்க்காரி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் இது நடந்ததே இல்லை.

தலைவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"இறங்கும்மா. குடு, நான் பிடிக்கறேன்."

அவர் ஸ்டூலில் ஏறினார். பிடித்தார். லேசர்க்காரி நடைவழியில் வண்டியைத் தள்ளினாள். முதலில் தப்பான பக்கம் திருப்பினார். ஆன்டெனாக்காரி, உங்க பக்கம் இழுங்க சார், கதவைச் சாத்தற மாதிரி என்றாள். இழுத்தார். வெளியிலிருந்து வந்துருச்சு என்று குரல் கேட்டது. அவர் சிரித்தார். சத்தமாக இல்லை. மூக்கால்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை அதை ஆன்டெனாக்காரி கையில் கொடுத்து, கார் நிற்கட்டும் என்று சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். டிரைவர் விமானம் போய்விடும் என்றார். அதையும் அவரிடம் சொன்னாள். அடுத்தது எப்போது என்று கேள் என்றார், கையை எடுக்காமல். பிறகு வாசலில் நின்ற சிப் குழுக்காரர்களைப் பார்த்தார். இந்த அறை காலியாகாது, நீங்கள் மாடியில் வேறு அறை பாருங்கள் என்றார். ஒரு சன்னலைச் சாத்தச் சொல்வது போலச் சொன்னார். அவ்வளவுதான் முடிவு. இரவல் லேசர் எப்போது திரும்பிப் போக வேண்டும் என்று ஆன்டெனாக்காரி கேட்டாள். எதுக்குப் போகணும் என்றார்.

சூரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போகும்வரை அவர் இறங்கவில்லை.

அவர் போன பிறகு அறை நிழலாக இருந்தது. மேசை மேல் கிழிந்த டேப், பாதி இழுத்த திரை, யாரும் நிறுத்தாத கடிகாரம். ஆன்டெனாக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள். லேசர்க்காரி முடியைக் கையால் அள்ளிப் பிடித்தபடி எதிரே நின்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி ஆரம்பித்தாள்.

"சரி அண்ணி. இப்ப சொல்லுங்க. திருப்பினது யாரு?"

ஆன்டெனாக்காரி யோசித்தாள்.

"உன் தலைமுடி."

லேசர்க்காரி கையை நீட்டினாள். சீப்பைக் கேட்டாள். இப்படியே பஸ்ஸில் ஏறினால் ஜனம் பயப்படும் என்றாள்.

ஆன்டெனாக்காரி சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பல்லில் சிக்கியிருந்த ஒரு சுருள் முடியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மெல்லிய துணியால் துடைத்தாள். லென்ஸ்கள் வைக்கும் இழுப்பறையைத் திறந்து, பஞ்சுக்கு மேல் அதை வைத்து, மூடிச் சாவியைத் திருப்பினாள்.

"அண்ணி, அது என் சீப்பு."

"வேற வாங்கிக்கோ. இந்த ஊர்லயே கிடைக்கும்."